நூறு பேரிங் எங்கே போச்சு?

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுப்பா!"

எங்கள் மேனேஜர் இதைச் சொன்னபோது காலை மணி பத்தரை. எதிரே என் நண்பன் கையில் மெமோவோடு நின்றிருந்தான். மேனேஜருக்குப் பின்னால், மேஜை மேல், பொய்யே சொல்லாத அந்தக் கம்ப்யூட்டர் அன்றைய தேதி 2002 ஜனவரி 1 என்று காட்டிக்கொண்டிருந்தது. நடந்துகொண்டிருந்ததோ 2008 ஜூலை!

உள்ளே இருக்கிற பட்டன் பேட்டரி செத்துப்போனால் கம்ப்யூட்டருக்கு வருஷம் மறந்துவிடும். புது பேட்டரிக்கு இண்டென்ட் போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. ஐம்பது ரூபாய் சமாசாரம். பேப்பர் நகரவில்லை.

அம்பத்தூர் பக்கம் ஓர் உதிரி பாகக் கம்பெனி. பெயர் வேண்டாம். நான் அக்கவுண்ட்ஸ், அவன் ஸ்டோர்ஸ். மார்ச் 31-ம் தேதி ஸ்டாக் எடுத்தான். மூன்றாவது ரேக்கில் பழைய மாடல் பேரிங் 240. அசையாத சரக்கு. அந்த மெஷினே வழக்கொழிந்து போனதால் யாரும் கேட்டு வருவதில்லை. எண்ணி முடித்து, சிகரெட் அட்டையின் பின்பக்கம் குறித்து, எக்ஸெல்லில் அடித்து, அட்டையைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டான்.

ஜூலையில் ஆடிட்டர் ஆட்கள் வந்து எண்ணினார்கள். ரேக்கில் 240. கம்ப்யூட்டரில் 340.

"நூறு பேரிங் எங்கே போச்சு?"

"சார், நான் 240-ன்னுதான் சார் அடிச்சேன்."

"அப்ப 340-ன்னு யார் அடிச்சது? அதுவா அடிச்சுக்குச்சா?"

அந்த ஃபைலை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மானிட்டரின் நெற்றியில் விபூதி மாதிரி ஒட்டி வைத்திருந்தார்கள். ஃபைலைக் கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்று பார்க்கலாமே என்றால், கம்ப்யூட்டரின் தேதியே 2002! நண்பனிடம் இருந்தது அவன் வாய் வார்த்தை ஒன்றுதான். பத்துத் தவணையாகச் சம்பளத்தில் பிடித்தம் என்று தீர்ப்பாயிற்று.

எனக்கு இன்றைக்கும் மறக்காதது அந்தத் தீர்ப்பு இல்லை. இரண்டு மாதம் கழித்து, டீக்கடையில் கிளாஸை உருட்டிக்கொண்டே அவன் கேட்டது:

"ஏன்டா, ஒருவேளை நானே தப்பா அடிச்சிருப்பேனோ?"

* * *

எக்ஸெல் வருவதற்கு முன் அதே ஸ்டோர்ஸில் தடித்த ரெஜிஸ்டர் ஒன்று இருந்தது. அரசாங்க ஆபீஸோ, ரேஷன் கடையோ, மளிகை மண்டியோ, இந்த ஜாதி நோட்டை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் நம்பர் உண்டு. முதல் பக்கத்தில் "இதில் 1 முதல் 200 வரை பக்கங்கள் உள்ளன" என்று எழுதி, கையெழுத்து, சீல். தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. பழைய எண் தெரிகிற மாதிரி ஒற்றைக்கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம். பிளேடால் சுரண்டினால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது தெரிந்துவிடும். ஒரு தாளைக் கிழித்தால் தையலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஜோடித் தாளும் பல் ஆட்டம் காணுவதுபோல ஆடும்.

கவனியுங்கள், அந்த ரெஜிஸ்டர் யாரையும் தடுக்கவில்லை. பூட்டு இல்லை, பாஸ்வேர்டு இல்லை. யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம். ஆனால் கை வைத்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

நம் ஆட்களுக்கு இந்த சூட்சுமம் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அத்துப்படி. உத்திரமேரூர் கல்வெட்டு, முதலாம் பராந்தகன் காலத்தது. குடவோலைத் தேர்தலை எப்படி நடத்துவது என்று விலாவாரியாகச் சொல்கிறது. ஓலைகள் போட்ட குடத்தை எல்லாரும் பார்க்கும்படித் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத சிறுவன்தான் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும்! கைக்குள் வேறு ஓலையை ஒளித்து வைத்திருந்தால்? அதற்குத்தான். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கும், அவன் சொந்தக்காரர்களுக்கும் போட்டியிடும் தகுதியே கிடையாது. எங்கள் ஆபீஸை உத்திரமேரூர் சபையிடம் ஒப்படைத்திருந்தால் பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

கம்ப்யூட்டர் வந்ததும் இதெல்லாம் போயிற்று. திரையில் 2-ஐ 3 ஆக்கினால் சுரண்டிய தடம் இல்லை. தாள் ஆடுவதில்லை. மை மாறுவதில்லை. பொய்யும் நிஜமும் ஒரே ஃபாண்ட்டில், ஒரே சைஸில், பளிச்சென்று இருக்கின்றன.

* * *

இதற்கு மருந்து இருக்கிறது என்று எனக்குத் தெரிய வந்தபோது நண்பன் வேலையை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. மருந்தின் பெயர் ஹேஷ். ஒரு ஃபைலின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விசித்திர மிக்ஸியைக் கற்பனை செய்யுங்கள். அதில் ஒரு வரிக் கடிதத்தைப் போட்டாலும், மூன்று மணி நேர சினிமாவைப் போட்டாலும், வெளியே வருவது ஒரே அளவுச் சட்னிதான். 64 இடங்கள் கொண்ட ஓர் எண். (0 முதல் 9 வரை இலக்கங்களும், ஏ முதல் எஃப் வரை ஆறு ஆங்கில எழுத்தும் கலந்து வரும்.) அதே ஃபைலைப் போட்டால் அம்பத்தூரில் அரைத்தாலும் அமெரிக்காவில் அரைத்தாலும் அதே சட்னி. ஆனால் ஒரே ஒரு கமாவை மாற்றுங்கள். கொஞ்சம் மாறிய சட்னி வராது. அடையாளமே தெரியாத வேறு சட்னி வரும். சட்னியிலிருந்து தேங்காயைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

ஷா-256 என்பது இதில் இன்று பரவலாகப் புழங்கும் ரகம். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2002-ல் அதைத் தரமாக அறிவித்தது. சாத்தியமான எண்கள் எத்தனை என்று எழுதினால் 78 இலக்கம் வரும். அதே சட்னி வருகிற மாதிரி இன்னொரு ஃபைலைத் தேடிக் கண்டுபிடிப்பது, இன்றைக்கு உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்தாலும் ஆகாத காரியம்.

இதற்குக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். உங்கள் ஆபீஸ் விண்டோஸ் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. கமாண்ட் ப்ராம்ப்ட் என்கிற கறுப்பு ஜன்னலைத் திறந்து, செர்ட்யூட்டில் என்ற கட்டளையைக் கொடுத்து, ஃபைல் பெயரையும் ஷா-256 என்பதையும் சொன்னால், அடுத்த வரியில் எண்ணைத் துப்பிவிடும். கட்டளையை முழுசாக எப்படி அடிப்பது என்று ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிற பையனைக் கேளுங்கள். அவனுக்கும் உங்கள்மேல் ஒரு மரியாதை வரும்.

முதல் நாள் உற்சாகத்தில் நான் பட்ட அவஸ்தையையும் சொல்லிவிடுகிறேன். ஓர் எக்ஸெல் ஃபைலுக்கு எண் எடுத்து வைத்தேன். சாயங்காலம் திரும்ப எடுத்தால் வேறு எண்! யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று ஆபீஸே அதிர ஒரு சத்தம் போட்டேன். கடைசியில் பார்த்தால் கை வைத்தவன் நானே. மத்தியானம் திறந்து பார்த்துவிட்டு, மூடும்போது 'சேவ் செய்யட்டுமா?' என்று கேட்டதற்கு, பழக்க தோஷத்தில் 'ஆமாம்' போட்டிருக்கிறேன். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஆனால் சேவ் செய்த நேரத்தை எக்ஸெல் ஃபைலுக்குள்ளேயே குறித்துக்கொள்கிறது. மிக்ஸிக்கு அதுவும் தேங்காய்தான்.

வாட்ஸப்பில் அனுப்பும் போட்டோவும் அப்படித்தான். போகிற வழியில் அதைச் சுருக்கிவிடுகிறார்கள். படம் அதேதான், கைரேகை வேறு. டாக்குமெண்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். ஃபைலின் பெயரை மட்டும் மாற்றினால் எண் மாறாது. கணக்கை முடித்ததும் பிடிஎஃப் ஆக்கி, அதற்கு எண் எடுத்துவிடுவது உத்தமம்.

* * *

சரி, எண்ணை எடுத்தாயிற்று. எங்கே வைப்பது?

நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். ஃபைல் இருக்கிற அதே கம்ப்யூட்டரில், அதே ஃபோல்டரில், பக்கத்திலேயே எண்ணையும் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார்கள். வீட்டைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட கதை. 240-ஐ 340 ஆக்கத் தெரிந்தவனுக்கு, புதிதாக ஓர் எண் எடுத்துப் பழைய எண் இருந்த இடத்தில் வைக்கத் தெரியாதா?

1990 வாக்கில் அமெரிக்காவில் பெல்கோர் ஆராய்ச்சிக் கூடத்தில் ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டார்னெட்டா என்று இரண்டு பேர் இதே கேள்வியில் மாட்டிக்கொண்டு தவித்தார்கள். விஞ்ஞானிகளின் தைத்த நோட்டுப் புத்தகம்தான் அவர்களுக்கு மாதிரி. கம்ப்யூட்டர் ஃபைலுக்கு அந்தத் தையலை எப்படிப் போடுவது? நம்பகமான ஒருவரிடம் எண்ணைக் கொடுத்து வைக்கலாம். அந்த நம்பகமானவரே விலை போனால்?

1991-ல் வெளியான அவர்களுடைய கட்டுரையில் ஒரு யோசனை இருந்தது. இன்றைய எண்ணை எடுக்கும்போது நேற்றைய எண்ணையும் சேர்த்து மிக்ஸியில் போடு. நாளைக்கு எடுக்கும்போது இன்றையதைச் சேர்த்துப் போடு. பூ கட்டுகிற மாதிரி ஒன்றோடு ஒன்று முடிச்சு. நடுவில் ஒரு பூவை உருவி வேறு பூவை வைக்கவேண்டும் என்றால், அதற்கப்புறம் இருக்கிற அத்தனை முடிச்சையும் அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டும்.

அப்படித் திரும்பக் கட்டிவிட்டால்? அதற்கும் ஒரு வழி செய்தார்கள், பாருங்கள், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஷ்யூரிட்டி என்று கம்பெனி ஆரம்பித்து, 1995-லிருந்து வாரா வாரம் கடைசி முடிச்சின் எண்ணை நியூயார்க் டைம்ஸில் வரி விளம்பரமாகக் கொடுத்தார்கள்! காணாமல் போன பொருள்கள் பற்றிய அறிவிப்புகளுக்கு நடுவில், யாருக்கும் புரியாத ஓர் எண். கள்ளக்கணக்கு எழுதுகிறவன் இனி கம்ப்யூட்டரை உடைத்தால் போதாது. அமெரிக்கா முழுக்க லைப்ரரிகளில் இருக்கிற பழைய பேப்பரையெல்லாம் தேடித் தேடி எரிக்க வேண்டும்.

பிட்காயின் என்று ஊரே பேசுகிறதே, 2008-ல் அதை அறிமுகப்படுத்திய கட்டுரையின் கடைசியில் ஆதாரம் என்று குறித்திருப்பது மொத்தம் எட்டு. அதில் மூன்று இந்த இருவரும் எழுதியவை. பிட்காயின் வாங்கலாமா என்று என்னைக் கேட்காதீர்கள். முடிச்சைப் பற்றி மட்டும்தான் எனக்குத் தெரியும்.

* * *

என் நண்பன் கதையெல்லாம் ஒன்றுமே இல்லை என்று சொல்கிற மாதிரி ஒரு கதை இங்கிலாந்தில் நடந்தது.

அங்கே கிராமத்துத் தபால் நிலையங்களைப் பெரும்பாலும் சின்னக் கடைக்காரர்கள் கமிஷன் ஒப்பந்தத்தில் நடத்துகிறார்கள். 1999-லிருந்து அவர்களுக்கு ஹொரைசன் என்று ஒரு கம்ப்யூட்டர் கணக்கு வந்தது. வந்ததிலிருந்து பல கடைகளில் கல்லாவில் இருப்பதற்கும் திரையில் இருப்பதற்கும் துண்டு விழுந்தது. ஒப்பந்தப்படி குறைகிற பணத்தைக் கடைக்காரர் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். நகையை விற்றும் வீட்டை அடமானம் வைத்தும் கட்டினார்கள். கட்ட முடியாதவர்கள்மேல் திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்கு. 1999-க்கும் 2015-க்கும் நடுவில் தொள்ளாயிரத்துக்கும் அதிகமானவர்கள் குற்றவாளிகள் ஆனார்கள். சிலர் ஜெயிலுக்கே போனார்கள்.

கம்ப்யூட்டர் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கும் என்று கோர்ட்டே எடுத்துக்கொள்ளலாம் என்பது அப்போது அந்த ஊர்ச் சட்டம். ஒழுங்காக ஓடியது என்று நிரூபிக்கச் சொன்ன பழைய பிரிவை 1999-ல்தான் நீக்கியிருந்தார்கள். எங்கள் மேனேஜர் சொன்னதையே இங்கிலாந்து நாடாளுமன்றம் இங்கிலீஷில் சொல்லியிருக்கிறது!

555 பேர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2019 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. சாஃப்ட்வேரில் பிழைகள் இருந்தன. அதோடு, சாஃப்ட்வேர் கம்பெனியான ஃபுஜிட்ஸுவின் ஆட்கள், கடைக்காரருக்குத் தெரியாமலேயே தூரத்திலிருந்து அவர் கணக்கில் கை வைக்க முடியும். அப்படி முடியவே முடியாது என்றுதான் தபால் துறை வருஷக்கணக்காகச் சாதித்துவந்தது. கடைசியில் 2024-ல் தனிச் சட்டம் போட்டு மொத்தமாகத் தண்டனைகளை ரத்து செய்தார்கள். அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அந்தக் கடைக்காரர்கள் கையில், ராத்திரி கடை சாத்தும்போது அன்றைய கணக்கின் ஓர் எண் இருந்திருந்தால்? பிழையை அது கண்டுபிடித்திருக்காது, உண்மைதான். ஆனால் "நான் கையெழுத்துப் போட்ட கணக்கு இது இல்லை" என்று ஒரு மனுஷன் நிமிர்ந்து நின்று சொல்ல முடிந்திருக்கும்.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் ஆபீஸில் அந்த ஸ்டாக் ஃபைலை யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்றேன் இல்லையா? மாதக் கடைசியில் சரக்கின் மதிப்பைக் கூட்டுவதற்காக அதைத் தவறாமல் திறக்கிறவன் நான். கீபோர்டில் 2-க்குப் பக்கத்தில் இருப்பது 3. கர்சர் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் ஒரு தட்டு, மூடும்போது ஓர் 'ஆமாம்'. அவ்வளவு போதும். நான் செய்தேன் என்று சொல்லவில்லை. செய்யவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. அந்த ஃபைலில் தடம் இல்லை.

* * *

தடம் இருக்கிற மாதிரி ஒரு பேரேடு கட்டினால் எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணம், நீங்கள் தினமும் திறக்கிற பிரௌசருக்குப் பின்னாலேயே இருக்கிறது.

பேங்க் வெப்சைட்டைத் திறக்கிறீர்கள். அது நிஜ பேங்க்தான் என்று உறுதிசொல்ல ஒரு சான்றிதழ் உண்டு. 2011-ல் டிஜிநோட்டார் என்ற டச்சுக் கம்பெனிக்குள் யாரோ புகுந்து, கூகுள் பெயரிலேயே பொய்ச் சான்றிதழ் அச்சடித்துவிட்டார்கள். ஈரானில் லட்சக்கணக்கானவர்களின் ஜிமெயிலை வேவு பார்க்க அது பயன்பட்டது. விசாரிக்கப் போனால், யார் வந்தார்கள் போனார்கள் என்ற குறிப்பேடு, திருடன் புகுந்த அதே கம்ப்யூட்டர்களில்தான் இருந்தது. அதிலும் கை வைத்திருந்தான்! கம்பெனி அந்தச் செப்டம்பரிலேயே திவால்.

அதற்கப்புறம் கூகுள்காரர்கள் 2013-ல் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். சான்றிதழ் கொடுத்தால் பொதுப் பேரேட்டில் எழுதியாக வேண்டும். பேரேட்டை யாரும் பார்க்கலாம். சேர்க்கலாம், அழிக்க முடியாது. ரால்ஃப் மெர்க்கிள் என்பவர் 1979-ல் கண்டுபிடித்த ஒரு கணக்குத்தான் அடிப்படை. ரெண்டு ரெண்டு எண்ணாகச் சேர்த்து அரைத்து, வந்ததை மறுபடி ரெண்டு ரெண்டாக அரைத்து, வம்சாவளி மரம் மாதிரி மேலே போய், உச்சியில் ஒரே ஓர் எண். கீழே பத்து லட்சம் பதிவு இருந்தாலும், உங்கள் பதிவு அதில் இருக்கிறதா என்று சரிபார்க்க இருபது எண் போதும். மொத்த நோட்டையும் புரட்ட வேண்டாம்.

இதிலும் ஒரு வில்லங்கம் வரலாம். நம் ஊர் முதலாளிகளிடம் இன்கம்டாக்ஸுக்கு ஒரு நோட்டு, வீட்டுக்கு ஒரு நோட்டு இருக்கும் அல்லவா? அதுபோல எனக்கு ஒரு பேரேட்டையும் உங்களுக்கு ஒரு பேரேட்டையும் காட்டினால்? அதனால் பார்க்கிறவர்கள் தங்களுக்குள் உச்சி எண்ணை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். நேற்றுக் காட்டிய எண், இன்றைய எண்ணுக்குள் அடங்கியிருக்கிறதா என்றும் கணக்குப் போட்டுப் பார்க்க முடியும். கண்காணிப்பதே வேலையாக வெளியே சிலர் இருக்கிறார்கள்.

அந்தக் கண்காணிப்பு எவ்வளவு கறார் தெரியுமா? 2021 ஜூன் கடைசியில், டிஜிசெர்ட் என்ற கம்பெனி நடத்திவந்த யெட்டி-2022 என்ற பேரேட்டில், கோடிக்கணக்கான பதிவுகளுக்கு நடுவில், ஒரே ஒரு பதிவின் எண்ணில் ஒரே ஒரு பிட் புரண்டுவிட்டது. பிட் என்றால் 0 அல்லது 1. அதைவிடச் சின்னது கம்ப்யூட்டரில் கிடையாது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. மெமரியில் ஏதோ கோளாறு. வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர் பட்டிருக்கலாம் என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். வெளியிலிருந்து கவனித்துக்கொண்டிருந்தவர் கண்டுபிடித்துக் கேட்டார்: "உங்கள் கூட்டல் இடிக்கிறதே?"

சரிசெய்ய முடியவில்லை. உச்சி எண் வெளியே போய்விட்டது. அந்தப் புரண்ட எண்ணுக்குப் பொருத்தமான பதிவைத் தயாரிக்க யாராலும் ஆகாது. புது வரவு கூடாது என்று அந்தப் பேரேட்டையே மூடிவிட்டு, வேறு ஒன்று திறந்தார்கள். ஒரு பிட்டுக்கு! எங்கள் ஆபீஸில் நூறு பேரிங்குக்கு மேனேஜர் யோசித்தது அரை மணி நேரம்.

* * *

நம் நாட்டுச் சட்டத்திலும் இது வந்துவிட்டது. 1872-ம் வருஷச் சாட்சியச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியம் இருக்கிறது. அதன் 63-வது பிரிவின்படி, சிசிடிவி பதிவோ, போனில் வந்த மெசேஜோ, எக்ஸெல் ஃபைலோ கோர்ட்டில் ஆதாரமாக ஏற வேண்டுமானால் கூடவே ஒரு சான்றிதழ் வேண்டும். ஆதாரத்தைக் கொடுப்பவர் ஒரு பகுதியும், விஷயம் தெரிந்த நிபுணர் ஒரு பகுதியும் நிரப்ப வேண்டும். இரண்டிலும் ஹேஷ் எண்ணை எழுதும் இடம் உண்டு. எந்த மிக்ஸியில் அரைத்தது என்று டிக் அடிக்க வேண்டும்.

டிக் அடிக்கிற பட்டியலில்தான் எனக்கு ஒரு மனக்குறை. ஷா-256 இருக்கிறது, சரி. பக்கத்திலேயே எம்டி-5, ஷா-1 இரண்டும் உட்கார்ந்திருக்கின்றன. எம்டி-5-ன் மானம் 2004-லேயே போய்விட்டது. வாங் ஷியாவ்யுன் என்ற சீனப் பெண் கணித நிபுணரும் கூட்டாளிகளும், ஒரே எண் வருகிற இரண்டு வேறு வேறு தகவல்களைக் காட்டினார்கள். ஷா-1-க்கு 2017-ல் அதே கதி. கூகுளும் ஆம்ஸ்டர்டாம் ஆராய்ச்சி மையம் ஒன்றும் சேர்ந்து, ஒரே எண் உள்ள இரண்டு பிடிஎஃப்களை வெளியிட்டன. ஏற்கெனவே எண் எடுத்து வைத்த ஃபைலுக்கு ஜோடி தேடுவது இன்னமும் சுலபமில்லை. ஆனால் இரண்டையும் முதலிலேயே தயாரித்து வைத்துக்கொள்ளும் கெட்டிக்காரன் இருக்கிறானே! உங்களுக்கு டிக் அடிக்கும் சந்தர்ப்பம் வந்தால் ஷா-256-ல் அடியுங்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. எண் பொருந்தினால், அன்றைக்கு முத்திரை வைத்தபோது இருந்ததேதான் இன்றும் இருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான். அன்றைக்கே பொய் எழுதி முத்திரை வைத்திருந்தால் இன்றைக்கும் அதே பொய், அட்சரம் பிசகாமல் பத்திரமாக இருக்கும். இருபது பேரிங்கை இருநூறு என்று எழுதுகிற கையை எந்தக் கணிதமும் பிடிக்காது. அதற்கு ரேக் பக்கத்தில் நின்று எண்ணுகிற இரண்டாவது ஆள்தான் வேண்டும்.

* * *

நண்பன் இப்போது பாடியில் சின்னதாக உதிரி பாகக் கடை வைத்திருக்கிறான். போன வருஷம் போயிருந்தேன். மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். மாதக் கடைசி, 2-க்குப் பக்கத்தில் 3, எல்லாவற்றையும்.

கையில் ஒரு பேரிங்கை வைத்துச் சுற்றிக்கொண்டே கேட்டான். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

"நானே அடிச்சிருந்தாலும் அடிச்சிருப்பேன்டா... டீ சொல்லட்டா?"

டீ வந்தது. அப்புறம் ஹேஷைப் பற்றிச் சொன்னேன். மிக்ஸி, சட்னி, நியூயார்க் டைம்ஸ் எல்லாம். "பேப்பர்ல விளம்பரம் குடுக்க என்கிட்ட காசு ஏதுடா? உனக்கே அனுப்பறேன். என் கடைக் கம்ப்யூட்டரை நீ தொட முடியாது, உன் போனை நான் தொட முடியாது. சரிதானே?"

அன்றிலிருந்து தினமும் ராத்திரி கடை சாத்தியதும் ஸ்டாக் கணக்கைப் பிடிஎஃப் ஆக்கி, முதல் வரியில் நேற்றைய எண்ணையும் சேர்த்து, எண் எடுத்து எனக்கு அனுப்புகிறான். ஒன்பதரை மணிக்குப் போன் 'டிங்' என்னும். முதல் வாரம் என் மனைவி எட்டிப் பார்த்து, "ஏங்க, இவ்வளவு நீளமா ஓடிபி அனுப்பற பேங்க் எது?" என்று கேட்டாள். இப்போது கேட்பதில்லை.

இந்த வருஷம் மார்ச் 31 ராத்திரி இரண்டு தடவை 'டிங்' வந்தது. இரண்டு எண், கால் மணி நேர இடைவெளியில். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. போன் போட்டேன்.

"ஏன்டா ரெண்டு நம்பர்?"

"மொத அனுப்பினதுல ஒரு அயிட்டம் தப்புடா. 2-க்குப் பதிலா 3 அடிச்சிருக்கேன். அதை அழிக்கலை. கீழேயே திருத்தம்னு ஒரு வரி போட்டு, திரும்ப எண் எடுத்து அனுப்பியிருக்கேன். மொத நம்பரையும் வெச்சுக்கோ."

இரண்டையும் வைத்திருக்கிறேன்.